முதல் வாக்கு: 1848இல் பிரெஞ்சு மக்கள் தேர்ந்த தலைவர்

நாட்டின் தலைவர் யார் என்று தீர்மானிக்கும் உரிமை முதன்முறையாகக் கைக்கு வரும்போது மனிதன் என்ன செய்கிறான்? யாரைக் கேட்கிறான்? எதை நம்புகிறான்? எதற்கு அஞ்சுகிறான்? இவ்வினாக்களுக்கு விடை தேட விரும்பும் மாணவர்களுக்கு, 1848ஆம் ஆண்டு டிசம்பர் 10, 11 ஆகிய இரு நாட்களின் வரலாறு மிகவும் பயன்படும். அந்த இரு நாட்களிலும் பிரான்சு நாட்டில் எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்களித்தார்கள். அந்நாட்டில் அதற்கு முன் அத்தகைய தேர்தல் நடந்ததே இல்லை. ஆகவே இருபத்தொரு வயது இளைஞனும் எண்பது வயது முதியவரும் அன்று ஒரே நிலையில் நின்றார்கள். எல்லாருக்கும் அதுவே முதல் தேர்தல்.

அவர்கள் எப்படி முடிவு செய்தார்கள், அம்முடிவு அவர்களை எங்கே கொண்டு சென்றது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் அவ்வுரிமை வந்த வரலாற்றைக் காண்போம். 1848 பிப்ரவரி 24ஆம் நாள் பாரிஸ் மக்களின் கிளர்ச்சியால் லூயி பிலிப் மன்னர் முடி துறந்தார். அவருடைய ஆட்சியில் ஆண்டுக்கு 200 பிராங்கு நேர்வரி கட்டியவர்களுக்கே பெரும்பாலும் வாக்குரிமை உண்டு. மூன்றரைக் கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில் வாக்காளர் தொகை இரண்டரை இலட்சத்தைக்கூட எட்டவில்லை. மன்னருக்குப் பின் அமைந்த தற்காலிக அரசாங்கம் மார்ச் 5ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தது. இருபத்தொரு வயது நிரம்பி, ஆறு மாத காலம் ஓரிடத்தில் வசித்த ஆண்மகன் ஒவ்வொருவனும் வாக்காளன் என்றது அவ்வாணை. வாக்காளர் தொகை தொண்ணூறு இலட்சத்தைத் தாண்டியது. ஒரு பேனாவின் அசைவில் முப்பது மடங்குக்கும் மேலான பெருக்கம்!

பெண்களுக்கு மட்டும் அவ்வாணை இடம் தரவில்லை. ழான் தெருவான் என்ற பெண்மணி 1849இல் சட்டசபைத் தேர்தலுக்குத் தாமே வேட்பாளராக நின்று, இந்த அநீதியை நாடறியச் செய்தார். மற்றொரு செய்தி நம் நாட்டோடு தொடர்புடையது. அன்று பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரி, காரைக்கால் முதலிய இந்தியப் பகுதிகளுக்கும் பாரிஸ் சபையில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. ஐந்தாண்டுகளுக்கு மேல் அங்கு வசித்து வந்த இந்தியர்கள் தாங்கள் பிரெஞ்சுக் குடிகள் என்பதற்குத் தனியே சான்று காட்ட வேண்டியதில்லை என்றும் விதி செய்யப்பட்டது.

உரிமை வந்துவிட்டது. ஆனால் அதைப் பயன்படுத்தும் பழக்கம் ஒரே நாளில் வருமா? அரசியல் சட்டம் வகுக்கும் சபைக்கு ஏப்ரல் 23ஆம் நாள் தேர்தல் நடந்தது. வாக்களிக்கக் கிராமத்தார் வட்டத்தின் தலையூருக்கு நடந்து செல்ல வேண்டும். அந்த நடையை அறிஞர் டோக்வில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அவர் தம் கிராமத்து நிலப்பிரபு. அவரும் அக்கிராமத்து ஆண்மக்களும் அகரவரிசைப்படி இருவர் இருவராக அணிவகுத்துச் சென்றார்களாம். இடையில் அவர் ஒரு மேட்டில் நின்று, வாக்களித்து முடிக்கும் வரை ஒருவரும் கூட்டத்தை விட்டுப் பிரியாதீர்கள் என்று அறிவுரை கூறினாராம். ஏறக்குறைய எல்லா வாக்குகளும் ஒரே பக்கம் விழுந்தன என்கிறார் அவர். இன்றுள்ள வாக்குச் சாவடி மறைப்பு அன்று இல்லை. வாக்குச்சீட்டை வீட்டிலேயே எழுதியோ, பிறர் அச்சிட்டுக் கொடுத்ததை வாங்கியோ மடித்துக் கொண்டுவந்து, தேர்தல் அதிகாரியின் கையில் தரவேண்டும். அவர்தாம் அதனைப் பெட்டியில் இடுவார். சீட்டின் நிறத்தையும் தடிப்பையும் கொண்டே ஆளை அறிந்துவிடலாம். மறைவான அறையும் உறையும் பிரான்சில் 1913இல்தான் சட்டமாயின.

ஏப்ரலுக்கும் டிசம்பருக்கும் இடையில் நிகழ்ந்த இரண்டு செய்திகள் வாக்காளர் மனத்தை ஆழமாகப் பாதித்தன.

முதலாவது, வரி. கருவூலம் காலியாக இருந்தமையால், தற்காலிக அரசாங்கம் நேர்வரியில் ஒவ்வொரு பிராங்குக்கும் 45 சாந்தீம் கூடுதலாக விதித்தது. ஒரு பிராங்கு என்பது 100 சாந்தீம். அதாவது நூறு கட்டி வந்தவர் நூற்று நாற்பத்தைந்து கட்ட வேண்டும். முந்திய இரண்டு ஆண்டுகளாக விளைச்சல் கெட்டும் விலை குலைந்தும் தவித்த உழவனுக்கு, குடியரசு என்ற சொல்லின் முதற்பொருள் கூடுதல் வரி என்றாயிற்று. பாரிஸில் வேலையற்றோருக்காக அமைத்த தேசியத் தொழிற்கூடங்களுக்கே தன் பணம் போகிறது என்று அவன் எண்ணினான்.

இரண்டாவது, இரத்தம். அத்தொழிற்கூடங்களை மூட அரசு முனைந்தபோது, ஜூன் 23ஆம் நாள் பாரிஸ் தொழிலாளர்கள் தெருக்களில் தடுப்பரண் எழுப்பிப் போராடினார்கள். படைத்தலைவர் கவென்யாக் முழு அதிகாரம் பெற்று, நான்கு நாட்களில் கிளர்ச்சியை அடக்கினார். ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், பின்னும் ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டு, விசாரணையின்றியே நாடு கடத்தப்படலாயினர். கவென்யாக் ஆட்சித் தலைவரானார். உடைமை உள்ளவர்கள் அவரைக் காவலர் என்றனர். தொழிலாளர்கள் கொலையாளி என்றனர்.

இந்தச் சூழலில்தான் குடியரசுத் தலைவரை யார் தேர்ந்தெடுப்பது என்ற விவாதம் சபையில் எழுந்தது. ழூல் கிரேவி என்ற இளம் வழக்கறிஞர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையை எதிர்த்தார். இலட்சக்கணக்கான வாக்குகளைத் தனியொருவர் பெற்றால், அவருக்கு முன் சபை வலுவிழந்துவிடும். முன்னொருமுறை மக்கள் வாக்கின் துணையாலேயே ஒருவர் அரியணை ஏறவில்லையா என்று அவர் எச்சரித்தார். முதல் நெப்போலியனையே அவர் சுட்டினார். கவிஞரும் அரசியல்வாதியுமான லமார்த்தீன் எதிர்வாதம் செய்தார். மக்களை நம்பாத குடியரசு குடியரசாகுமா, விளைவு எதுவாயினும் மக்கள் பேசட்டும் என்பது அவர் கருத்து. கிரேவியின் திருத்தம் 158க்கு எதிராக 643 வாக்குகளால் தோற்றது.

மற்றொருவர், முன்னாள் அரச குடும்பத்தார் தலைவர் பதவிக்கு நிற்கக் கூடாது எனத் திருத்தம் கொண்டுவந்தார். அது யாரைக் குறிக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். குறிக்கப்பட்டவர் மேடையேறிச் சில சொற்கள் தடுமாறிப் பேசி இறங்கினார். அதைக் கேட்ட திருத்தக்காரர், இத்தகையவரைத் தடுக்கச் சட்டமே தேவையில்லை என்று தம் திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தடுமாறிப் பேசியவர் லூயி நெப்போலியன் போனபார்ட். பேச்சுத் திறமையையே அறிவாற்றல் என்று மயங்கிய அச்சபை தவறான அளவுகோலால் அவரை அளந்துவிட்டது.

நவம்பர் 4ஆம் நாள் அரசியல் சட்டம் நிறைவேறியது. தலைவர் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். தொடர்ந்து இரண்டாம் முறை நிற்க இயலாது.

இனி வேட்பாளர்களைப் பார்ப்போம். முதல்வர் ஆட்சியிலிருந்த கவென்யாக். இரண்டாமவர் தீவிரக் குடியரசுக் கட்சியின் லெத்ரு ரோலன். மூன்றாமவர் சிறையிலிருந்தபடியே நின்ற பொதுவுடைமையாளர் ரஸ்பாய். நான்காமவர் லமார்த்தீன், ஏப்ரல் தேர்தலில் பத்து மாவட்டங்கள் ஒருங்கே தேர்ந்தெடுத்த புகழாளர் அவர். ஐந்தாமவர் லூயி நெப்போலியன். அவர் முதல் நெப்போலியனின் தம்பி மகன். 1808இல் பிறந்து, பெரும்பாலும் அயல்நாடுகளில் வளர்ந்தவர். 1836இல் ஸ்திராஸ்பூர்கிலும் 1840இல் பூலோஞிலும் படைவீரர்களைத் திரட்டி ஆட்சியைக் கவர முயன்று தோற்றவர். ஆயுட்சிறை விதிக்கப்பட்டு, 1846இல் கட்டட வேலைக்காரன் வேடத்தில் தோளில் பலகையைச் சுமந்தபடி கோட்டையை விட்டுத் தப்பியவர். வறுமை ஒழிப்பைப் பற்றிச் சிறையிலிருந்தே ஒரு சிறு நூலும் எழுதியவர்.

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றைச் சற்று நிறுத்தி எண்ணிப் பாருங்கள். இருமுறை சட்டத்தை மீறி ஆட்சியைப் பறிக்க முயன்ற ஒருவர், இப்போது சட்டத்தின்படி ஆட்சியைக் கேட்கிறார். அம்முயற்சிகள் இரகசியமல்ல. நாடறிந்தவை. வாக்காளர் அவற்றை ஏன் எடை போடவில்லை?

காரணம், அவர்களில் ஒவ்வொரு வகுப்பாரும் தத்தம் குறையைக் கொண்டே அவரைப் பார்த்தார்கள். உழவன் வரிச்சுமையைப் பார்த்தான். அவ்வரியை விதித்தவர்களோடு சேராத ஒரே பெரிய பெயர் நெப்போலியன் என்பது. ஊர்ப் பெருந்தனக்காரர்களின் சொற்படி வாக்களித்துச் சலித்தவனுக்கு, அது அவர்களை மீறும் வழியாகவும் தோன்றிற்று. தொழிலாளி ஜூன் மாதத்துப் பிணங்களைப் பார்த்தான். கவென்யாக்கைத் தோற்கடிக்கக் கூடியவர் எவராயினும் சரி என்றான். செல்வர் ஒழுங்கைப் பார்த்தார். தியேர் போன்ற பழுத்த அரசியல்வாதிகள் இவரை நாம் எளிதில் ஆட்டிவைக்கலாம் என்று கணக்கிட்டு ஆதரவு தந்தனர். விக்டர் ஹ்யூகோவின் குடும்பத்தார் நடத்திய பத்திரிகையும் அவரை ஆதரித்தது. வேட்பாளரோ எல்லாருக்கும் இனிய சொற்களையே சொன்னார். ஒழுங்கு, மதம், குடும்பம், உடைமை ஆகியவற்றைக் காப்பேன், வரியைக் குறைப்பேன், மன்னிப்பு வழங்குவேன், நான்காண்டு முடிவில் அடுத்தவரிடம் சுதந்திரத்தைக் குறைவின்றி ஒப்படைப்பேன் என்றது அவருடைய அறிக்கை.

இவற்றுக்கெல்லாம் மேலாக நின்றது பெயர். செய்தித்தாள் எட்டாத சிற்றூருக்கும் நெப்போலியன் படம் எட்டியிருந்தது. மூட்டை சுமந்து ஊர் ஊராகத் திரியும் வணிகர்கள் படங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் பல்லாண்டுகளாக விற்று வந்தார்கள். பழைய போர்வீரர்கள் குளிர்கால இரவுகளில் அடுப்பங்கரையில் அமர்ந்து சொன்ன கதைகளைக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்தது. 1840இல் நெப்போலியனின் உடல் செயிண்ட் எலினா தீவிலிருந்து பாரிஸுக்குப் பெருஞ்சிறப்புடன் கொண்டுவரப்பட்டது. அந்த விழாவை நடத்தியது லூயி பிலிப் மன்னரின் அரசாங்கமே. பிறர் வளர்த்த மரத்தின் கனி மகன்முறை உடையவருக்கு வந்து சேர்ந்தது.

முடிவு எவரும் எதிர்பாராத அளவில் இருந்தது. லூயி நெப்போலியன் பெற்றவை 54 இலட்சத்து 34 ஆயிரம் வாக்குகள். நூற்றுக்கு 74 பங்கு. கவென்யாக் 14 இலட்சத்து 48 ஆயிரம். லெத்ரு ரோலன் 3 இலட்சத்து 70 ஆயிரம். ரஸ்பாய் ஏறக்குறைய 37 ஆயிரம். மக்கள் பேசட்டும் என்று வாதாடிய லமார்த்தீனுக்கு நாடு முழுவதிலும் இருபதாயிரம் வாக்குகள்கூட விழவில்லை. டிசம்பர் 20ஆம் நாள் புதிய தலைவர் குடியரசுக்கு உண்மையாக இருப்பேன் எனச் சபை முன் உறுதிமொழி எடுத்தார். அதே நாளில் கவென்யாக் தம் அதிகாரத்தை அமைதியாகத் துறந்தார். படை அவர் கையில் இருந்தது. ஆயினும் வாக்குக்குப் பணிந்தார். ஜூன் மாதத்துக் குற்றத்தை அவர்மீது சுமத்துவோரும் இந்த ஒரு செயலை மறத்தல் ஆகாது.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். மக்கள் தீவிரவாதிகளுக்கு வாக்களிக்கத் தொடங்கியதைக் கண்டு அஞ்சிய சபை, 1850 மே 31ஆம் நாள் ஒரு சட்டம் செய்து, மூன்றாண்டு வசிப்பு முதலிய விதிகளால் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேரின் வாக்குரிமையைப் பறித்தது. தலைவர் மீண்டும் நிற்க வழி செய்யும் திருத்தம் 1851 ஜூலையில் 446க்கு 278 எனப் பெரும்பான்மை பெற்றும், தேவையான நான்கில் மூன்று பங்கு கிட்டாமல் தோற்றது. அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள் விடியற்காலையில் தலைவர் படையை ஏவிச் சபையைக் கலைத்தார். அன்று அவர் சுவரொட்டிகளில் அறிவித்தது என்ன தெரியுமா? பறிக்கப்பட்ட வாக்குரிமையைத் திருப்பித் தருகிறேன் என்பதே! மக்களை நம்பாமல் சபை செய்த சட்டமே சபையின் கழுத்துக்குக் கயிறாயிற்று. அவரை ஆட்டிவைக்க எண்ணிய தியேர் கைதாகி நாடு கடத்தப்பட்டார். ஹ்யூகோ அயல்நாட்டுக்குத் தப்பிச் சென்று, 1870 வரை திரும்பவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட மாவட்டங்களில் இராணுவச் சட்டம் நிலவ, பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டிருக்க, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் கேட்ட வாக்கெடுப்பில் 74 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஆம் என்றனர். சரியாக ஓராண்டு கழித்து, 1852 டிசம்பர் 2ஆம் நாள் குடியரசுத் தலைவர் மூன்றாம் நெப்போலியன் என்ற பேரரசரானார். 1870இல் செதான் போர்க்களத்தில் அவர் சிறைப்படும் வரை அப்பேரரசு நீடித்தது.

இவ்வரலாற்றைப் படிக்கும் சிலர், எழுத்தறியா உழவனுக்கு வாக்குரிமை கொடுத்ததன் பலன் இது என்று எளிதாகத் தீர்ப்புக் கூறிவிடுவார்கள். அத்தீர்ப்பு தவறு. ஹ்யூகோவும் தியேரும் எழுத்தறியாதவர்கள் அல்லரே! கற்றவர் ஏமாந்த அளவுக்குக் கல்லாதவர் ஏமாந்தனர் என்பதே உண்மை. அதுமட்டுமன்று. 1851 டிசம்பரில் அரசியல் சட்டம் மிதிக்கப்பட்டபோது, வார் முதலிய தென்மாவட்டங்களில் அதனைக் காக்க எழுந்தவர்கள் யார்? சிற்றூர் உழவர்களும் கைத்தொழிலாளரும் வேட்டைத் துப்பாக்கியும் அரிவாளும் ஏந்திப் புறப்பட்டனர். நாடெங்கும் இருபத்தாறாயிரம் பேருக்கு மேல் கைதாயினர். பலர் அல்ஜீரியாவுக்கும் கயானாவுக்கும் அனுப்பப்பட்டனர். மூன்றே ஆண்டுகள் வாக்களித்தும், படித்துக் காட்டச் சொல்லிச் செய்தித்தாள் கேட்டும், ஊர் மன்றங்களில் வாதாடியும் பழகியதன் விளைவு அது. வாக்குரிமை என்பது நீந்துவதைப் போன்றது. கரையில் நின்று அதனைக் கற்க இயலாது.

பிரான்சு இப்பாடத்தை நெடுங்காலம் மறக்கவில்லை. அடுத்து வந்த குடியரசில் தலைவரை இரு சபைகளும் கூடியே தேர்ந்தெடுத்தன. 1879இல் அவ்வாறு தலைவரானவர் அன்று எச்சரித்த அதே கிரேவிதான். மக்கள் நேரடியாகத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை 1962 அக்டோபர் 28ஆம் நாள் வாக்கெடுப்பால் மீண்டு வந்தது. 1848க்குப் பின் 117 ஆண்டுகள் கழித்து, 1965 டிசம்பரில் அத்தகைய அடுத்த தேர்தல் நடைபெற்றது. 1944இல் வாக்குரிமை பெற்ற பெண்களுக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முதல் வாய்ப்பும் அதுவே. அப்போதும் ஒரு மாபெரும் பெயர் களத்தில் இருந்தது. நாட்டை அடிமைத்தளையிலிருந்து மீட்ட தெ கோல். ஆனால் ஆறு வேட்பாளர்களுக்கும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சமமான நேரம் ஒதுக்கப்பட்டது. மக்கள் கேட்டார்கள், ஒப்பிட்டார்கள். டிசம்பர் 5ஆம் நாள் தெ கோலுக்கு நூற்றுக்கு 44.65 பங்கே கிடைத்தது. இரண்டாம் சுற்றிலேதான் மித்தராங்கை அவர் வெல்ல முடிந்தது. 1969 ஏப்ரலில் தாம் முன்வைத்த சீர்திருத்தத்தை மக்கள் வாக்கெடுப்பில் மறுத்தவுடன், மறுநாளே அவர் பதவியைத் துறந்தார். இரண்டு பெரும்பெயர்கள், இரண்டு முடிவுகள். ஒருவர் வாக்கால் வந்து வாக்கை விழுங்கினார். மற்றவர் வாக்கால் வந்து வாக்குக்குப் பணிந்து சென்றார். வாக்காளன் கண்டறிய வேண்டிய வேறுபாடு இதுவே.

நம் நாட்டில் குடியரசுத் தலைவரைப் பாராளுமன்றத்திலும் மாநிலச் சட்டசபைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். எனினும் அவ்வுறுப்பினர்களைத் தேர்பவர் நாம். பதினெட்டு வயது நிரம்பியவுடன் அப்பொறுப்பு உங்களையும் வந்தடையும். அன்று கேட்டுக்கொள்ள வேண்டிய மூன்று வினாக்களை 1848ஆம் ஆண்டு நமக்குக் கற்றுத் தருகிறது.

ஒன்று: இவர் சொல்வது என்ன என்பதற்கு முன், இதுவரை செய்தது என்ன? இரண்டு: எனக்கு ஒன்றும் என் எதிரிக்கு ஒன்றுமாக இனியவை சொல்கிறாரா? அப்படியாயின் எங்களில் ஒருவரை அவர் ஏமாற்றியே தீரவேண்டும். அந்த ஒருவர் நானாக இருக்கலாகாதா? மூன்று: பதவிக்காலம் முடிந்ததும் இவர் இறங்கிச் செல்வாரா? செல்ல மறுத்தால் தடுத்து நிறுத்தச் சட்டமும் சபையும் நீதிமன்றமும் பத்திரிகையும் வலுவோடு இருக்கின்றனவா? மூன்றாவது வினாவை 1848இல் கேட்டவர் மிகச் சிலரே. எல்லாவற்றினும் விலைமிக்க வினா அதுவாகவே முடிந்தது.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்ற அதிகாரத்தை முன்னும், 'தெரிந்து வினையாடல்' என்பதைப் பின்னும் வைத்தார். ஆராய்ந்து தேர்வது முதல். பணியை ஒப்படைப்பது அடுத்தது. அவர் அவற்றை அரசனுக்குச் சொன்னார். குடியரசில் அந்த அரசனுடைய இருக்கையில் வாக்காளன் அமர்ந்திருக்கிறான். கோபம் நியாயமானதாக இருக்கலாம். உழவனின் வரிக்கோபமும் தொழிலாளியின் துயரமும் நியாயமானவையே. ஆனால் கோபம் நமக்குச் சொல்வது யார் வேண்டா என்பதை மட்டுமே. யார் வேண்டும் என்பதை ஆராய்ந்துதான் அறிய வேண்டும். அந்த ஆராய்ச்சியைத் தேர்தல் நாளன்று தொடங்க இயலாது; பள்ளியிலும் கல்லூரியிலும் இருக்கும் இப்பருவத்திலேயே தொடங்குங்கள்.